மத்தியானத்தில் வருகிறவர்கள்

தொரேமாரா என்ற தீவு ஊருக்கு மத்தியான நேரத்தில் கடலிலிருந்து கால்கள் வருகின்றன என்பதை யோகமலர் முதன்முதலில் கேட்டது இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், தமிழர் கோயில் அன்னதானப் பந்தியில், பருப்புக்கறி வாளியும் கையுமாக நின்றபோதுதான். சொன்னவன் ஒரு பெயின்டர். அந்தத் தீவில் ஒரு ஹோட்டலுக்கு வெள்ளையடிக்கப் போய் இருந்துவிட்டு வந்தவன். அங்கே மீன் மலிவு என்று சொல்வதைப் போல, சோற்றைக் குழைத்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னான்.

"ஆளில்லை அண்ணை. கால் அடையாளம் மட்டும்தான். ஈரம் ஈரமாய்க் கடல்படியில ஏறி வந்து, தெருவால நடந்து, ஒவ்வொண்டும் ஒவ்வொரு வீட்டுக்குள்ள போகும். கொஞ்ச நேரத்தில காஞ்சு போடும். அடுத்த நாள் திருப்பியும் வரும்."

"உனக்குப் பயமில்லையோ?"

"முதல் நாள்தான். பிறகென்ன, அதுகள் தங்கட பாட்டில வருதுகள். நான் வெள்ளையடிக்கிற சாரத்தில ஏறி நிண்டு மேலயிருந்து பாக்கிறபடியால் வடிவாய்த் தெரியும். ஒரு சோடியில வலக்கால் சின்னவிரல் இல்லை. நாலு விரல்தான் பதியும்."

யோகமலர் வாளியைத் தரையில் வைத்தாள். அந்த வரிசைக்கு அதற்குப் பிறகு பருப்பு வரவேயில்லை.

அவள் அளவெட்டி என்ற ஊர்க்காரி. அவளுடைய கணவன் தர்மகுலசிங்கம் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் மெஷின்கள் திருத்துகிறவன்; சின்ன வயதில் தகப்பனின் சைக்கிள் கரியரில் இருந்து போனபோது சில்லுக் கம்பிக்குள் கால் போய் வலக்காலின் சின்னவிரலை இழந்தவன். கலியாணமாகி ஒரு தையிலிருந்து ஆவணி வரைக்கும்தான் அவர்கள் ஒன்றாக இருந்தார்கள். அதற்குள் சண்டையும் வந்து இடப்பெயர்வும் வந்து, "முதல்ல நான் போறன், பிறகு உம்மைக் கூப்பிடுறன்" என்று சொல்லிவிட்டு அவன் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனோடு புறப்பட்டான். பெயர் தெரியாத ஏதோவொரு துறைமுகத்திலிருந்து ஒரு நாள் போன் எடுத்து நாளைக்குக் கப்பல் என்று சொன்னான். அந்த நாளைக்குப் பிறகு ஒன்றுமில்லை. அந்தப் பனிக்காலத்தில் மத்தியதரைக்கடலில் ஒரு கப்பல் மூழ்கியதென்று பேச்சு வந்தது. அதில்தான் போனான் என்று சொல்லவும் ஆளில்லை, அதில் போகவில்லை என்று சொல்லவும் ஆளில்லை. வருடங்கள் கழித்து வேறு வழியால் இத்தாலிக்கு வந்து சேர்ந்த யோகமலர், பலெர்மோவில் கிழவர்களையும் கிழவிகளையும் குளிப்பாட்டி, ஊட்டி, அவர்களுடைய கட்டில்களின் பக்கத்தில் இருந்தே அந்த மொழியைப் படித்தாள். முதலில் வலிக்கான சொற்கள், பிறகு சாப்பாட்டுக்கான சொற்கள், கடைசியில் மற்றவை. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் போனில், செத்தவருக்குரிய அந்தியேட்டிக் கிரியையைச் செய்து தாலியைக் கழற்று, எவ்வளவு காலத்துக்கு இப்படி, என்று கேட்பார்கள். "எந்த நாளில திதி குடுக்கிறது?" என்று அவள் திருப்பிக் கேட்பாள். அப்படியே அவள் மனைவியுமில்லாமல் விதவையுமில்லாமல், தலைமயிர் நரைத்து, சீனி வருத்தமும் வந்து, ஐம்பதைத் தாண்டியிருந்தாள்.

தொரேமாராவுக்குப் போகும் ஃபெரிக் கப்பலில் தக்காளி நாற்றுகள், ஒரு வாஷிங் மெஷின், கூண்டுக்குள் இரண்டு வாத்துகள், நித்திரை கொள்ளும் லாரிச் சாரதிகள், இவற்றோடு அவளும் போனாள். கடற்கரை நகரத்தில் அவ்வளவு காலம் வாழ்ந்தும் அவள் கடலை நேரே பார்த்தது குறைவு. வேலைக்குப் போக வர எப்போதும் பின்தெருக்களால்தான் நடப்பாள். அன்றைக்கும் உள்ளே, கன்டீனுக்குப் பக்கத்தில், யன்னல் இல்லாத மூலையில்தான் இருந்தாள். இரும்புத் தரைக்குக் கீழே தண்ணீர் இடிப்பது உள்ளங்காலில் கேட்டது. அவள் ஒரு கோப்பி வாங்கி, அதைக் குடிக்காமலே ஆறவிட்டாள்.

அந்த ஊர் கால்களுக்குப் பழகிய கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். கப்பல் மூழ்கிய பனிக்காலம் முடிந்து அடுத்த கோடை வந்தபோது, எல்லாரும் சாப்பிட்டுவிட்டு யன்னல் பலகைகளைச் சாத்திக்கொண்டு படுக்கிற அந்தச் சுடுநேரத்தில், துறைமுகத்தின் கற்படிகளில் முதல் ஈரச் சுவடு ஏறி வந்தது. குழாய் உடைந்துவிட்டது என்றார்கள். நகரசபை தெருவைத் தோண்டியது. உள்ளே மண் தூளாகக் காய்ந்து கிடந்தது. குழாய் வேலைக்காரர் அந்த ஈரத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, இது கடல், என்னுடைய வேலையில்லை என்று பெட்டியை மூடிக்கொண்டு போனார். பெரிய தீவிலிருந்து பொலிசார் வந்து கால்களை அளந்தார்கள், யாரை விசாரிப்பது என்று தெரியாமல் நின்றார்கள், வெயிலில் மூக்குத் தோல் உரிந்து திரும்பிப் போனார்கள். பாதிரியார் அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில், எங்கிருந்து வந்தாய் என்று கேட்பது பொலிசாருடைய வேலை, நம்முடைய வேலை கதவைத் திறந்து வைப்பது என்று மட்டும் சொல்லி அப்பத்தைக் கையிலெடுத்தார். திங்கட்கிழமையிலிருந்து கதவுகள் திறந்திருந்தன.

கால்கள் தாங்களாகவே வீடுகளைத் தெரிந்துகொண்டன. ஒரு சோடி சிகை திருத்தும் கடைக்குப் போய்க் கதிரைக்கு முன்னால் நின்றது. இன்னொன்று பள்ளிக்கூட வாசலில். இன்னொன்று தினமும் துறைமுகத் தொலைபேசிக் கூண்டுக்குள் போய் நின்று காய்ந்தது. போன் கொம்பனி அந்தக் கூண்டைக் கழற்ற வந்தபோது முழு ஊரும் அதைச் சுற்றிக் கதிரைகளைப் போட்டுக்கொண்டு இருந்து, கொம்பனிக்காரர்களுக்குச் சாப்பாடும் கொடுத்து, வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்பியது. வாசலில் கால்மிதி போட்டால் ஈரம் அதில் உறிஞ்சப்பட்டுக் கால்கள் வாசலோடு நின்றுவிடுகின்றன என்று கண்டு எல்லா வீட்டிலும் கால்மிதிகளை எடுத்தார்கள். ஆபிரிக்காவிலிருந்து சூடான காற்று வீசுகிற நாள்களில் கல் கொதித்து, கால்கள் பாதி வழியிலேயே காய்ந்துபோவதைப் பார்த்து, தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டிப் படுக்கை விரிப்புகளைத் தொங்கவிட்டு நிழல் செய்தார்கள். அந்த நேரத்தில் தெருவில் யாரும் நடப்பதில்லை. முன்பு அது நித்திரைக்காக, இப்போது மரியாதைக்காக. தங்கள் வீட்டுக்குக் கால்கள் வராத சில குடும்பங்களுக்கு உள்ளூர ஒரு குறை இருந்தது, ஆனால் அதை அவர்கள் வெளியே சொல்லமாட்டார்கள்.

ஃபெரி வந்து சேர்ந்தபோது காலை பாதி போய்விட்டது. துறைமுகத்தில் திறந்திருந்தது ஒரு பத்திரிகைக் கடை மட்டும்தான். உள்ளே மெலிந்த, கட்டையாக மயிர் வெட்டிய, அறுபத்தைந்து வயது மதிக்கக்கூடிய ஒரு பெண் சஞ்சிகைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் பெயர் கொன்சேத்தா. கலியாணம் செய்யாதவள், தகப்பன் செத்த பிறகு கடையும் வீடும் அவளோடு நின்றன.

"சிஞ்ஞோரா, ஒன்று கேட்க வேண்டும்" என்றாள் யோகமலர், இத்தாலிய மொழியில். "வலக்காலில் சின்னவிரல் இல்லாதவர் எந்த வீட்டுக்கு வருகிறார்?"

கொன்சேத்தாவின் கை சஞ்சிகை மேல் நின்றது. பிறகு அதை எடுத்து, முன்பிருந்த இடத்திலேயே வைத்தாள்.

"ஏன் கேட்கிறாய்?"

"நான் அவருடைய மனைவி."

"சால்வோவுக்குக் கலியாணம் ஆகவில்லை" என்றாள் கொன்சேத்தா.

சொன்ன பிறகு அவளுக்கே அது அதிகமாகப் பட்டிருக்க வேண்டும். முகம் சிவந்து, மிச்சக் காசுத் தட்டைத் தேவையில்லாமல் துடைத்தாள். அந்தக் கால்களுக்கு அந்தப் பெயரை வைத்தது அவள்தான். அவர்களுடைய மொழியில் அதற்குக் காப்பாற்றப்பட்டவன் என்று அர்த்தம். யோகமலர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்து நின்றாள். நோயாளிகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நின்று அவளுக்கு அது பழக்கம். கொன்சேத்தா கடைசியில் கடைக் கதவை இழுத்து விட்டு, "என் வீட்டுக்குத்தான் வருகிறான். வா" என்றாள்.

வீடு மேட்டில் இருந்தது. சமையலறைத் தரை கறுப்பு ஓடு. வாசலிலிருந்து யன்னல் வரைக்கும், யன்னலிலிருந்து மேசையடிக் கதிரை வரைக்கும், உப்புப் படிந்து வெள்ளை வெள்ளையாய் ஒரு பாதை இருந்தது; எத்தனை கழுவினாலும் போகாத அளவுக்கு உப்பு ஓட்டுக்குள் ஏறியிருந்தது. அந்தப் பாதையில் ஒவ்வொரு வலக்காலிலும் நாலு விரல். யோகமலர் குனிந்து அந்த நாலையும் எண்ணினாள். கொன்சேத்தா மேசையில் இரண்டு கோப்பைகள் வைத்தாள், பிறகு யோசித்து மூன்றாவதொன்றை எடுத்தாள்.

"அவன் பெயர் என்ன, உண்மையில்?"

"தர்மகுலசிங்கம்."

கொன்சேத்தா சொல்லிப் பார்த்தாள். முடியவில்லை.

"ஊரில் சுருக்கமாகக் குலம் என்பார்கள்."

"குலோ?" என்ற கொன்சேத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மொழியில் அது பின்பக்கத்தைக் குறிக்கிற கெட்ட வார்த்தை. "மன்னித்துக்கொள். அதைத் தெருவில் நின்று கூப்பிட முடியாது."

யோகமலருக்கும் சிரிப்பு வந்தது. "நானும் கூப்பிட்டதில்லை" என்றாள். "எங்கள் பக்கம் மனைவி கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை."

"பின்னே எப்படிக் கூப்பிடுவாய்?"

"இங்கே பாருங்கள் என்று."

கொன்சேத்தா அதை மனதுக்குள் வைத்து நிறுத்துப் பார்ப்பவள்போல இருந்தாள். "எவ்வளவு காலம் ஒன்றாக இருந்தீர்கள்?"

"ஒரு தையிலிருந்து ஆவணி. ஒரு வருடம்கூட இல்லை."

கொன்சேத்தா மேசையடிக் கதிரையைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அவனோடு வாழத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடையில் யார் வந்தார்கள், பற்கட்டும் வைத்தியர் என்ன சொன்னார், தகப்பனின் திவசம் எப்போது, எல்லாவற்றையும் அவள் அந்தக் கதிரையைப் பார்த்துச் சொல்லி வந்திருக்கிறாள்.

மத்தியானமானதும் கால்கள் வந்தன. வாசற்கல்லில் ஒரு வலக்கால், உள்ளே ஒரு இடக்கால், சத்தமில்லாமல், அவசரமில்லாமல், ஒவ்வொன்றும் தரையிலிருந்து ஊறி வருவதைப்போல. யோகமலருக்கு அந்த நடை தெரிந்தது. முகம் மறந்துபோயிருந்தது, சத்தியமாக அவளுக்கு அவனுடைய முகம் எப்போதோ மறந்துபோய்விட்டது, கலியாணப் படமும் இடப்பெயர்வில் போய்விட்டது. ஆனால் வலது குதிக்காலை அழுத்தி வைத்து, விரலில்லாத பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி நடக்கிற அந்த நடையை அவள் எங்கே கண்டாலும் சொல்லுவாள்.

"இஞ்சாருங்கோ" என்றாள்.

கால்கள் அவளைத் தாண்டிப் போயின. யன்னலடியில் கொஞ்ச நேரம் நின்றன. பிறகு கதிரைக்கு வந்து, பக்கத்தில் பக்கமாய் நின்றன.

"இஞ்சாருங்கோ, நான் யோகம் வந்திருக்கிறன். என்னைத் தெரியேல்லையோ?"

யன்னல் வழியாக வந்த வெயில் மேசையில் கிடந்தது. ஓரங்களிலிருந்து ஈரம் சுருங்கத் தொடங்கியது.

"அவனுக்குக் கேட்காது" என்றாள் கொன்சேத்தா, மெதுவாக. "நான் இத்தனை காலம் பேசியிருக்கிறேன். கேட்காது. பார்க்கிறதும் இல்லை. நாங்கள் அவனுக்கு இல்லை." அவளுடைய குரலில் முதலில் ஒரு சின்ன வெற்றி இருந்தது, முடியும்போது அது இல்லை.

யோகமலர் அழவில்லை. அவளுக்கு இன்னொருவர் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தெரியாது. துக்கம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் கை ஏதாவது வேலையைத் தேடும். கோப்பைகளைக் கழுவினாள். மூலையில் நின்ற வாளியையும் துடைப்பானையும் எடுத்து, சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, பலெர்மோவில் எத்தனையோ வீடுகளில் செய்ததைப்போல, அடுப்படிப் பக்கமிருந்து தரையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வெறுங்காலோடா!" என்று கொன்சேத்தா பதறினாள். "சளி பிடிக்கும், காய்ச்சல் வரும், செருப்பைப் போடு!"

அந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான். ஓட்டுத்தரையில் வெறுங்காலை வைத்தால் குளிர் குடலுக்குள் ஏறும் என்று பிள்ளைப்பருவத்திலேயே சொல்லிப் பயமுறுத்தி வளர்க்கப்பட்டவர்கள். கட்டிலிலிருந்து இறங்கும்போதே செருப்புக்குள்தான் இறங்குவார்கள். யோகமலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துடைத்து முடித்து, வாளியைத் தூக்கிக்கொண்டு கதிரையைக் கடந்து போனாள். அவளுடைய ஈரக்கால்கள் கறுப்பு ஓட்டில் பதிந்தன.

கதிரையடியில் காய்ந்துகொண்டிருந்த கால்கள் திரும்பின.

இரண்டு பெண்களும் பார்த்தார்கள். முதலில் இடக்கால், பிறகு வலக்கால், அவளுடைய சுவடுகள் போன பக்கம் திரும்பின. ஒரு அடி வந்தது. அவளுடைய கடைசிச் சுவட்டுக்குப் பக்கத்தில், தொடாமல், ஒரு விரல் இடைவெளி விட்டு, நாலு விரல் பதிந்த ஒரு வலக்கால் வந்து நின்றது. இளைஞனின் கால். அதற்குப் பக்கத்தில் பித்தவெடிப்புக் கோடுகளோடு அவளுடைய அகன்ற, வயதான கால். அடுத்த அடி வருவதற்கு முன்னால் ஈரம் முடிந்துவிட்டது.

கொன்சேத்தா கதிரையில் இருந்துவிட்டாள். தண்ணீருக்குத் தண்ணீர்தான் தெரியும் என்று அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. இவ்வளவு காலமும் அந்த ஊர் கதவைத் திறந்து, கால்மிதியை எடுத்து, விரிப்பைக் கட்டி, செய்ய முடிந்த எல்லாவற்றையும் செய்திருந்தது. செருப்பைக் கழற்ற மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கு யோகமலர் கொன்சேத்தாவின் தகப்பன் படுத்த அறையில் தங்கினாள். அடுத்த நாள் மத்தியானம் கல் சுடத் தொடங்கியதும் தனியாக இறங்கித் துறைமுகத்துக்குப் போனாள். அவ்வளவு காலம் முகம் கொடுக்காத கடலுக்குள், பாசி பிடித்த கடைசிப் படியில், முழங்கால் வரைக்கும் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். தண்ணீர் அவள் நினைத்ததைவிடக் குளிர்ந்தது. மற்றவர்களின் கால்கள் முதலில் ஏறிப் போயின, ஒவ்வொரு சோடியாய், அவளைச் சுற்றிக்கொண்டு. பிறகு அவனுடையது வந்தது. அவள் ஒரு படி ஏறி வைத்தாள். அவன் நின்றான். இன்னொரு படி வைத்தாள். அவன் பக்கத்தில் வைத்தான்.

அப்படி அவர்கள் நடந்தார்கள். ஊரில் அவர்கள் ஒருபோதும் பக்கத்தில் பக்கமாய் நடந்ததில்லை. கோயிலுக்குப் போனால் அவன் முன்னால், அவள் நாலு அடி பின்னால். இப்போது தொங்கும் விரிப்புகளின் நிழலுக்குக் கீழே, அந்நிய ஊரின் தெருவில், இரண்டு சோடிச் சுவடுகள் ஒன்றையொன்று உரசுகிற மாதிரி மேட்டில் ஏறின. அவனுக்குக் கேட்காது என்று தெரிந்தும் அவள் பேசிக்கொண்டே போனாள்.

"மாமி, உங்கட அம்மா, போய்ச் சேர்ந்திட்டா. கடைசி மட்டும் நீங்கள் கனடாவில இருக்கிறியள் எண்டுதான் சொல்லி வைச்சனாங்கள், அந்த நிம்மதியோடதான் போனவ. உங்கட தங்கச்சி நோர்வேயில, ரெண்டு பொடியள். வீட்டுக்குக் கூரையில்லை, கிணறு மட்டும் நிக்குதாம். எனக்குச் சீனி வருத்தம், காலைக் கவனமாய்ப் பாக்கச் சொல்லியிருக்கினம், நீங்கள் இந்தக் கொதிக்கிற கல்லில நடக்க வைக்கிறியள்." பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. இவ்வளவு வருடமும் எங்கே இருந்தது என்று தெரியாத கோபம். "இஞ்ச வந்து ஒரு வீட்டில இருக்கிறியள் எண்டு எனக்கு ஆர் சொல்லுறது? நான் என்னெண்டு நினைக்கிறது? ஒவ்வொரு மழைக்கும் நீங்கள் எங்கையோ நனையிறியள் எண்டு நான் நித்திரை கொள்ளாமல் கிடந்தது உங்களுக்குத் தெரியுமோ?"

பாதி வழியில் அவளுடைய சுவடுகள் மங்கத் தொடங்கின. அவனுடையது கடலின் ஈரம், வீடுவரை தாங்கும். அவளுடையது வெறும் நனைந்த தோல். அவன் ஒரு அடி முன்னால் வைத்து, அவளைக் காணாமல் நின்றான், இடமும் வலமும் திரும்பினான். அப்போது பச்சை யன்னல் பலகை ஒன்று திறந்தது. ஒரு பெண் வெளியே வந்து, ஒரு பேசினில் தண்ணீர் கொண்டுவந்து யோகமலரின் காலடியில் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். யோகமலர் கால்களை நனைத்தாள். மேலே நாலு வீடு தள்ளி இன்னொரு பேசின் வைக்கப்பட்டிருந்தது. அதற்கு மேலே ஒரு பாஸ்தா அவிக்கிற பானை. சிகை திருத்துகிறவர் துணி ஊறவைக்கிற தொட்டியையே இழுத்து வந்து வைத்திருந்தார். சாத்திய பலகைகளுக்குப் பின்னால் முழு ஊரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரிந்தது. ஒருவரும் கூப்பிடவில்லை, ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

கொன்சேத்தா வீட்டு வாசலில் நின்றாள். யோகமலர் அங்கே நிற்கவில்லை. ஒரு முடிவோடுதான் வந்திருந்தாள். பெட்டியையும் காலையிலேயே துறைமுகத்தில் வைத்துவிட்டிருந்தாள். வாசலடியில் இருந்த வாளியில் கால்களை நனைத்துக்கொண்டு திரும்பி, வந்த வழியே இறங்கத் தொடங்கினாள். அவன் வாசற்கல்லுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கணம் நின்றான். பிறகு அவளோடு இறங்கினான். அந்த ஊரில் கால்கள் கீழ்நோக்கி நடந்ததை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. கொன்சேத்தா கையில் கரண்டியோடு, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், தூரத்தில் பின்னாலேயே வந்தாள்.

ஃபெரி வாயைத் திறந்துகொண்டு நின்றது. வாகனங்கள் ஏறுகிற இரும்புப் பலகை கரையில் கிடந்தது. யோகமலர் கடைசி முறை கடற்படியில் கால்களை நனைத்து, இரும்பில் ஏறி நின்று, திரும்பிப் பார்த்தாள்.

"வாங்கோ" என்றாள். "பயப்பிடாதையுங்கோ. இது பெரிய கப்பல். நான் கூட வாறன்."

அவன் பலகையின் ஓரத்தில் நின்றான். வெகுநேரம் நின்றான். பிறகு இரும்பின் மேல் விரல்கள் மட்டும் பதிந்தன, குதிக்கால் இல்லை. நாலு விரல்கள். ஒரு அலை வந்து ஃபெரியை உயர்த்த, பலகை கல்லில் உராய்ந்து முனகியது. விரல்கள் சட்டென்று மறைந்து, இரண்டு கால்களும் கரையில், ஓரத்திலிருந்து மூன்று நாலு அடி தள்ளி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பதிந்தன. தண்ணீரைக் கண்டு மிரண்ட கன்று நிற்பதைப்போல.

அவள் இரண்டாம் முறை கூப்பிடவில்லை. அவன் எந்தக் கப்பலில் போனான், அது எப்படி முடிந்தது என்று யாருமே அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. இப்போது அவனே சொல்லிவிட்டான்.

கொன்சேத்தா வந்து சேர்ந்திருந்தாள். மூச்சு வாங்கியது. "இங்கேயே இரு" என்றாள். "அப்பாவின் அறை சும்மாதான் கிடக்கிறது. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நீதான் மனைவி."

யோகமலர் கரைக்கு இறங்கி வந்தாள். அவனுடைய கால்களுக்குப் பக்கத்தில் நின்று கீழே பார்த்தாள். இருபத்தெட்டு வயதுக் கால்கள். இங்கே இருந்தால் தினமும் அவன் வருவான், அவள் நனைந்த காலோடு கூட நடப்பாள், அவன் காய்வான், அவள் அடுத்த மத்தியானத்துக்குக் காத்திருப்பாள். காத்திருப்பது அவளுக்குத் தெரியாத வேலை இல்லை. ஆனால் உடம்பில் இனி அதற்கு இடமில்லை என்று பட்டது, ஒரு பாத்திரம் நிரம்பிவிட்டால் தெரிவதைப்போல. இருக்கிறான். ஒரு வீட்டுக்குத் தினமும் போகிறான். அங்கே அவனுக்கு ஒரு கதிரை இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளத்தானே இவ்வளவு காலமும்.

"செருப்பைக் கழற்றுங்கள்" என்றாள் கொன்சேத்தாவிடம்.

"என்ன?"

"செருப்பு. காலுறையும்."

"எனக்குச் சளி பிடிக்கும்."

"பிடிக்கட்டும்."

கொன்சேத்தா துறைமுகக் கட்டின்மேல் உட்கார்ந்து, வெட்கத்தோடு, முதலில் செருப்பையும் பிறகு நீளக் காலுறைகளையும் கழற்றினாள். வெயில் படாத, பிள்ளையின் கால்கள்போல வெளுத்த கால்கள். யோகமலர் அவளுடைய முழங்கையைப் பிடித்து, எத்தனையோ கிழவிகளைக் குளியலறைக்கு நடத்திய அதே பிடியில், பாசிப்படியில் இறக்கினாள். தண்ணீர் பட்டதும் கொன்சேத்தா சின்னதாகக் கத்தினாள். பிறகு மேலே ஏறி, சுடுகல்லில், ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி.

கரையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்ற கால்கள் திரும்பின.

"பெயரை மாற்ற வேண்டாம்" என்றாள் யோகமலர். "சால்வோ என்றே கூப்பிடுங்கள்."

கொன்சேத்தா கீழேயே பார்த்துக்கொண்டு, பிழையாக வைத்துவிடக் கூடாதே என்பதுபோல ஒவ்வொரு அடியாய் வைத்து மேட்டுப்பக்கம் நடந்தாள். பக்கத்தில் அவன் நடந்தான். விரிப்புகளுக்குக் கீழே அவர்கள் போய் மறையும்வரை யோகமலர் நின்றாள். தெருவில் பேசின்களை யாரும் இன்னும் உள்ளே எடுக்கவில்லை. பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு ஃபெரியில் ஏறினாள்.

இந்த முறை மேல்தளத்தில், வெளியே, கடலைப் பார்த்த பலகையில் இருந்தாள். பக்கத்தில் பெரிய எலுமிச்சம்பழக் கூடையோடு ஒரு பருத்த பெண் வந்து இருந்து, தீவு ஒரு விரலளவு சின்னதாகும் முன்னே பேச்சைத் தொடங்கினாள்.

"யாரையாவது பார்க்க வந்தாயா?"

"என் வீட்டுக்காரரை."

"இங்கேயா இருக்கிறார்?"

"இங்கேதான் இருக்கிறார்."

"நீ பலெர்மோவில், அவர் இங்கே! அதென்ன குடும்பம்? கையோடு கூட்டிக்கொண்டு போக வேண்டியதுதானே."

"கூப்பிட்டுப் பார்த்தேன்" என்றாள் யோகமலர். "கப்பல் அவருக்கு ஒத்துக்கொள்ளாது."

"அதைச் சொல்லு!" அந்தப் பெண் தொடையில் தட்டினாள். "என்னுடைய மனுஷனும் அப்படித்தான். ஏறினால் பச்சை நிறமாகிவிடுவான். எங்கே போனாலும் நான் தனியாகத்தான் சுமக்க வேண்டும்." கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, முகர்ந்து பார், குமட்டாது என்று யோகமலரின் கையில் வைத்தாள். "உன் ஆள் எப்படி? பேசுவாரா?"

யோகமலர் எலுமிச்சம்பழத்தை உள்ளங்கையில் உருட்டினாள். இவ்வளவு வருடமாகப் பெண்கள் கூடிய எந்த இடத்திலும் இந்தப் பேச்சு தொடங்கினால் அவள் எழும்பிப் போய்விடுவாள்.

"கதைக்கிறது குறைவு" என்றாள். "பிடிவாதம் வேறு. சொன்னாலும் கேட்க மாட்டார்."

"எல்லாரும் ஒரே அச்சுத்தான்" என்றாள் அந்தப் பெண், இன்னும் கொஞ்சம் நெருங்கி இருந்து. பலெர்மோ தெரியும்வரைக்கும் அவர்கள் இரண்டு பேரும் தங்கள் தங்கள் கணவர்மாரைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார்கள்.